வீட்டுத் தோட்டக் குளத்தில் பாசியைக் கட்டுப்படுத்துவது எப்படி? வேலூர்ப் பக்கத்து வெயிலுக்கும் போர் தண்ணீருக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

குளம் பச்சையானதும் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை, மோட்டார் போட்டு மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டுவது. சுவரைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். பத்துப் பதினைந்து நாள் அடித்தரை தெரியும். அதற்குப் பிறகு முன்பைவிட அடர்த்தியாகப் பச்சை ஏறும். கழுவும்போது பாசியோடு சேர்ந்து, மீன் கழிவை மாற்றிக் கொடுக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடுகிறது. புதுப் போர் தண்ணீரில் பாசிக்கு வேண்டிய உப்புகள் இருக்கின்றன. மேலே வெயில் இருக்கிறது. போட்டிக்குத்தான் யாரும் இல்லை.

பாசியைக் கொல்வதில் தொடங்கினால் திரும்பத் திரும்பக் கொன்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அது தின்னும் தீனியைக் குறைப்பதில் தொடங்க வேண்டும். கீழே உள்ள வரிசையில் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. வரிசையை மாற்றினால் மீன் சாகும் இடங்களும் இதில் இருக்கின்றன.

1. கையில் இருக்க வேண்டியவை

மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டு முறைச் சோதனைப் பெட்டி (அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், பி.எச். நான்கும் பார்க்கக் கூடியது), ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), ஏர் பம்பும் இரண்டு ஏர் ஸ்டோனும், நீளக் கைப்பிடி வலை, சொரசொரப்பான மூங்கில் குச்சி, முக்கால் அங்குல டியூப் பத்தடி, 200 லிட்டர் டிரம் இரண்டு, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை.

தண்ணீருக்குள் மோட்டார் இறக்கப் போகிறீர்கள் என்றால், அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட பிறகே இறக்குங்கள். குளத்தில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

2. எந்தப் பாசி என்று முதலில் பாருங்கள்

மருந்தும் முறையும் பாசிக்குப் பாசி வேறு. இங்கே தவறினால் பின்னால் வரும் செலவெல்லாம் வீண்.

ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவுக்குக் குளத்துத் தண்ணீரை மொண்டு, மூடி, ஃபிரிட்ஜில் ஓர் இரவு ஆடாமல் வையுங்கள். காலையில் வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். அடியில் காவி நிறத்தில் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது பாசியே அல்ல, மழையில் கரைந்து வந்த மண். தண்ணீர் முழுக்க இளம் பச்சையாகவோ, பச்சை அடியில் இறங்கியோ இருந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி; இதைத்தான் ‘பச்சைத் தண்ணீர்’ என்கிறோம். பெயின்ட் கலக்கியது போல மேலே நீலப்பச்சை ஆடை திரண்டு நின்றால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நீலப்பச்சைப் பாசிக்கு மட்டும் தனி எச்சரிக்கை. இதில் சில வகைகள் நஞ்சை வெளியிடும். நாய், ஆடு, மாடு அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். கீரைப் பாத்திக்கு ஊற்றாதீர்கள். காற்று ஒதுக்கித் தள்ளும் மூலையில் ஆடை திரளும். கையுறை போட்டு அங்கிருந்து மெல்லிய துணி வலையால் வழித்தெடுத்துக் குழியில் புதைத்துவிடுங்கள்.

குச்சியில் சுற்றினால் தலைமுடி போல் நீளமாகச் சுருண்டு வருவது நூல் பாசி. சுவரிலும் தொட்டி விளிம்பிலும் விரல் வைத்தால் வழுக்கும் குட்டைப் படலம் இன்னொன்று. அந்தப் படலத்தை விட்டுவிடுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அதுவும் உறிஞ்சுகிறது, மீனும் மேய்கிறது. அதைச் சுரண்டிச் சுத்தம் செய்பவர்களின் குளம்தான் முதலில் பச்சையாகும்.

3. குளத்தில் எத்தனை லிட்டர்?

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, அதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர். 8 அடிக்கு 5 அடி, 2 அடி ஆழம் என்றால் 80 கன அடி, சுமார் 2,250 லிட்டர். வட்டத் தொட்டி என்றால் விட்டம் × விட்டம் × ஆழம் × 22.2. தண்ணீர் நிற்கும் ஆழத்தைத்தான் அளக்க வேண்டும், சுவரின் உயரத்தை அல்ல. குத்துமதிப்பாக ‘மூவாயிரம் இருக்கும்’ என்று எடுத்துக்கொண்டால் பம்பு, யு.வி. (புற ஊதா) விளக்கு, மீன் கணக்கு எல்லாம் தப்பும். கீழே வரும் அளவுகள் இந்த 2,250 லிட்டர் தொட்டிக்கு.

ஒன்றரை அடிக்குக் குறைவான ஆழம் இங்கே தாங்காது. மே மாத மதியத்தில் அந்தத் தண்ணீர் வெந்நீராகிவிடும். இரண்டிலிருந்து இரண்டரை அடி வையுங்கள்.

4. முதலில் காற்று

வேறு எதிலும் கை வைப்பதற்கு முன் ஏர் பம்பை ஓட விடுங்கள். பகலில் பாசி ஆக்சிஜன் விடும். இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அந்த நேரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் குளம் ஆபத்தின் விளிம்பில் இருக்கிறது. வெயில் ஏறியதும் அவை கீழே இறங்கிவிடுவதால், எட்டு மணிக்கு எழுந்து பார்ப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

இந்த நிலையில் பாசியைக் கொன்றால் அது அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். ‘மருந்து போட்ட மறுநாள் காலையில் எல்லா மீனும் மிதந்தது’ என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டு ஏர் ஸ்டோனை எதிரெதிர் மூலைகளில், தரையிலிருந்து ஆறு அங்குலம் மேலே தொங்க விடுங்கள். தரையில் வைத்தால் சேற்றைக் கிளறும். ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போகும்போது டியூப் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்து பம்பைக் கெடுக்கும்.

5. தீனியைக் குறையுங்கள்

மீனுக்குப் போடும் தீனிதான் மிஞ்சியும் கழிவாகியும் பாசிக்குப் போய்ச் சேர்கிறது. மூன்று நாள் மீனுக்குத் தீனியே போடாதீர்கள். கோல்ட் ஃபிஷ், கெண்டை, கப்பி எதுவும் இதனால் சாகாது, கொசுப்புழுவையும் படலத்தையும் மேயும். பிறகு ஒரு நாளைக்கு ஒரே வேளை, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மிதக்கும் தீனியாக வாங்குங்கள், மிஞ்சியது கண்ணுக்குத் தெரியும். சோறு, பொரி, பிஸ்கட் கூடவே கூடாது. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் ஆசையாகப் பொரி போடுவார்கள். அவர்கள் கையில் தீனி டப்பாவைக் கொடுத்துப் பத்தே பத்து உருண்டை எண்ணிப் போடச் சொல்லுங்கள்.

மீன் கணக்கையும் பாருங்கள். வடிகட்டியோடு 2,250 லிட்டருக்கு 15 முதல் 20 கோல்ட் ஃபிஷ், அல்லது இரண்டு கோய் (வண்ணக் கெண்டை). ஜிலேபிக் கெண்டை வேண்டவே வேண்டாம். வேகமாகப் பெருகும், தரையைக் குடைந்து சேற்றைக் கலக்கும். கொசுவுக்குப் பத்துக் கப்பி போதும்.

வெளியிலிருந்து வரும் தீனியையும் மறித்தாக வேண்டும். தோட்டத்து உரமும் சாணக் கரைசலும் மழையில் ஓடி வந்து குளத்தில் சேரும். சுற்று விளிம்பை நான்கு அங்குலம் உயர்த்திக் கட்டினால் போதும். பக்கத்தில் வேம்போ புங்கையோ இருந்தால் இலை உதிரும் மாதங்களில் குளத்தின் மேல் கொசுவலை கட்டுங்கள்.

6. கையால் அள்ளுங்கள், சேற்றைப் பகுதி பகுதியாக எடுங்கள்

நூல் பாசிக்கு மூங்கில் குச்சியை விட்டு ஒரே திசையில் சுழற்றினால் பஞ்சு மிட்டாய் போல் சுற்றிக்கொண்டு வரும். இழுத்துப் பிய்க்காதீர்கள், பிய்ந்த துண்டு ஒவ்வொன்றும் புதிதாக வளரும். அள்ளியதை விளிம்பில் அரை மணி நேரம் வைத்தால் உள்ளே மாட்டிய தலைப்பிரட்டைகளும் நத்தைகளும் இறங்கிப் போகும். பிறகு தென்னை மரத்தடியிலோ எருக்குழியிலோ போடுங்கள். பாசி உறிஞ்சிய நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அதோடு சேர்ந்து குளத்தை விட்டு வெளியேறுகின்றன. மருந்தால் கொன்றால் அவை தண்ணீரிலேயே தங்கிவிடும்.

அடியில் படிந்த கறுப்புச் சேறுதான் பாசியின் சேமிப்புக் கிடங்கு. டியூபைச் சைஃபன் போட்டு, தரையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இந்த வாரம் உறிஞ்சி எடுங்கள். அடுத்த பங்கு அடுத்த வாரம். ஒரே நாளில் முழுவதையும் கலக்கினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த வாயு மீனுக்கு நஞ்சு. எடுத்த சேற்றுத் தண்ணீர் வாழைக்கு நல்ல உரம்.

7. தண்ணீரை மாற்றுங்கள், மேலே ஊற்றிக்கொண்டே போகாதீர்கள்

கோடையில் ஒரு நாளைக்குக் கால் அங்குலம்கூடத் தண்ணீர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே நிற்கும். குறைந்ததைப் போர் தண்ணீரால் நிரப்ப நிரப்ப உப்பும் நைட்ரேட்டும் அடர்ந்துகொண்டே போகும். அதனால் வாரம் ஒருமுறை 15 சதவீதம், அதாவது சுமார் 340 லிட்டர், வெளியே எடுத்துவிட்டுத்தான் புதியதை ஊற்ற வேண்டும்.

குறைவது ஆவியா, ஒழுகலா என்று சந்தேகம் வந்தால் ஒரு பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் படியில் பாதி முழுகும்படி வையுங்கள். உள்ளும் வெளியும் ஒரே மட்டம். ஏர் பம்பைத் தவிர மற்றதை நிறுத்தி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். குளம் மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் ஒழுகல்.

எந்தத் தண்ணீர் என்பதிலும் கவனம் வேண்டும். நம் பக்கத்துப் பாறை நிலத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஆலைகளை ஒட்டிய இடங்களில் நிலத்தடி நீரில் உப்பு மிக அதிகம். ஊற்றுவதற்கு முன் குழாய்த் தண்ணீரையே சோதனைப் பெட்டியில் போட்டுப் பாருங்கள். நைட்ரேட் அதிலேயே அதிகமாக இருந்தால் தண்ணீர் மாற்றுவது பாசிக்குப் பந்தி வைப்பது போல்.

நல்ல வழி மழைநீர். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து பல வீடுகளில் மொட்டைமாடிக் குழாய் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழைக்கு வீணானது போக 700 லிட்டராவது தேறும். முதல் பதினைந்து நிமிட மழையை வெளியே விடுங்கள், அதில் பறவை எச்சம் இருக்கும். மழைநீரில் தாது உப்பு கிட்டத்தட்ட இல்லாததால் தனியாக நிரப்பினால் பி.எச். நிலைக்காது. போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

குடிநீர்க் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். திறந்த டிரம்மில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்த பிறகு ஊற்றுங்கள். அவசரம் என்றால் 100 லிட்டருக்கு 1 கிராம் சோடியம் தயோசல்பேட்.

புதிதாகக் கட்டிய சிமென்ட் தொட்டிக்கு ஒரு வார்த்தை. சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச். ஏறும். வாரம் ஒருமுறை என மூன்று முறை நிரப்பி இறைத்துவிட்டுத்தான் மீன் விட வேண்டும். வாழைத்தண்டைத் துண்டாக்கி ஊறப் போடும் வழக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு துண்டுகூட மிச்சமில்லாமல் அள்ளிக் கழுவ வேண்டும். அழுகிய தண்டு பாசிக்கு உரம்.

8. நிழலும் செடியும்

வேலூர் இருக்கும் அட்சரேகையில் ஏப்ரல் கடைசியில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் விழும். மதில் நிழலை நம்பிக் குளம் கட்டியவர்கள் ஏமாறுவது அப்போதுதான். சவுக்குக் கம்பு நட்டு, ஏழடி உயரத்தில், மேற்குப் பக்கம் சாய்வாக 50 சதவீத நிழல் வலை கட்டுங்கள். 75 சதவீத வலை வேண்டாம், அல்லி பூக்காது. காலை வெயில் ஐந்து மணி நேரம் அல்லிக்குக் கிடைக்க வேண்டும், பதினொரு மணிக்கு மேல் வலை மறைக்க வேண்டும்.

தண்ணீர்ப் பரப்பில் பாதிக்குச் சற்று மேல் இலை மூடியிருப்பது சரியான அளவு. 40 சதுர அடிக்கு இரண்டு மூன்று அல்லித் தொட்டி போதும். ஓரத்தில் கல்வாழை, சேம்பு, வெட்டிவேர் ஆகியவற்றை வலைக்கூடையில் ஜல்லி போட்டு, வேர் தண்ணீரில் நிற்கும்படி வையுங்கள். இவை நைட்ரேட்டை நன்றாக இழுக்கும்.

தொட்டி மண்ணில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நர்சரியில் விற்கும் கோகோபீட், மண்புழு உரக் கலவையை அல்லிக்குப் போட்டால் அது மிதந்து, தண்ணீர் டீ நிறமாகி, மூன்றாவது வாரம் பச்சையாகும். வெறும் களிமண் அல்லது ஏரி வண்டல், மேலே ஓர் அங்குலம் கூழாங்கல். உரம் வேண்டுமென்றால் ஒரு டீஸ்பூன் டி.ஏ.பி.யைக் காகிதத்தில் மடித்து, களிமண்ணுக்குள் ஐந்து அங்குல ஆழத்தில் விரலால் அழுத்திப் புதைத்து, துளையைக் களிமண்ணாலேயே அடைத்துவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். மூட்டையில் 18:46 என்று அச்சிட்டிருக்கும், அந்த 46 பாஸ்பேட். மேலே தூவினால் நேரே பாசிக்குப் போய்ச் சேரும்.

பழுத்த இலையை வாரம் ஒருமுறை வெட்டி வெளியே போடுங்கள். செடி உறிஞ்சிய சத்து, செடியை வெட்டி எடுக்கும்போதுதான் குளத்தை விட்டுப் போகிறது. ஆகாயத்தாமரை வேகமாக வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் மிஞ்சியதை ஒருபோதும் கால்வாயிலோ ஏரியிலோ எறியாதீர்கள். ஓர் ஏரியையே மூடக்கூடிய செடி அது. வெயிலில் முழுக்கக் காய வைத்த பிறகே எருக்குழியில் போடுங்கள்.

9. வடிகட்டி

அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான் வடிகட்டி. இரண்டு டிரம்மில் ஒன்று தண்ணீர் ஆற வைக்க, மற்றொன்று இதற்கு. குளத்திலிருந்து வரும் ஓர் அங்குலக் குழாயை டிரம்மின் அடிவரை இறக்குங்கள். அடியில் ஆறு அங்குலம் காலியாக விட்டு, சேறு வெளியேற்ற ஒரு வால்வு வையுங்கள். அதற்கு மேல் தட்டி, அதன் மேல் நைலான் வலைச் சுருள்கள், வெட்டிய பி.வி.சி. குழாய்த் துண்டுகள், எல்லாவற்றுக்கும் மேல் ஸ்பாஞ்ச். தண்ணீர் கீழிருந்து மேலே ஏறி, மேல்விளிம்புக் குழாய் வழியாகக் குளத்தில் விழும். கருங்கல் ஜல்லி மலிவுதான், ஆனால் அடைத்துக்கொள்ளும், கழுவத் தூக்கவும் முடியாது.

வெளியே விடும் குழாய் இரண்டு அங்குலமாக இருக்கட்டும். உள்ளே வருவது பம்பின் அழுத்தத்தில் வருகிறது, வெளியே போவது தானாக வழிகிறது. இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் டிரம் நிரம்பி வழிந்து, இரவோடு இரவாகக் குளம் காலியாகும். அப்படி நேர்ந்தாலும் மீன் பிழைக்க, பம்பைத் தரையிலிருந்து பத்து அங்குலம் மேலே ஒரு செங்கல் மேடையில் வையுங்கள்.

குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவர வேண்டும். அதற்கு மணிக்கு 1,500 லிட்டர். பம்பு அட்டையில் போட்டிருக்கும் அளவு தூக்கும் உயரம் இல்லாதபோது வருவது. நான்கடி ஏற்றினால் வெகுவாகக் குறையும் என்பதால் 2,500 முதல் 3,000 லிட்டர் பம்பு வாங்குங்கள். 40 வாட் பம்பு நாள் முழுவதும் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். இரவில் நிறுத்தி மிச்சம் பிடிக்காதீர்கள், பாக்டீரியாவுக்கும் மூச்சு வேண்டும். ஐந்தாறு மணி நேரம் கரண்ட் போயிருந்தால், திரும்ப ஓட்டுவதற்கு முன் டிரம்மின் அடிவால்வைத் திறந்து கெட்ட தண்ணீரை வெளியே விடுங்கள்.

ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாக்டீரியா போய்விடும். அவை நிலைகொள்ள நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அந்த வாரங்களில் தண்ணீர் இன்னும் பச்சையாகவே இருக்கும். பொறுமை இழந்து இறைத்துக் கொட்டுவதும் இந்த வாரங்களில்தான் நடக்கிறது.

10. யு.வி. விளக்கு கடைசியில்

ஆறு வாரம் கழிந்தும் பச்சைத் தண்ணீர் தெளியவில்லை என்றால் மட்டும். 2,250 லிட்டருக்கு 11 வாட் போதும், வெயில் அதிகம் என்றால் 18 வாட். வடிகட்டிக்குப் பிறகு, குறைந்த வேகத்தில் தண்ணீர் போகும்படி இணையுங்கள். வேகமாகப் போனால் பாசி சாகாமல் தப்பும். நூல் பாசிக்கு இது உதவாது, அது விளக்கின் வழியே போவதே இல்லை.

நம் தண்ணீரில் கண்ணாடிக் குழல் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு படியும். மாதம் ஒருமுறை வினிகரில் துடையுங்கள். எரியும் விளக்கைக் கண்ணால் பார்க்கக் கூடாது. ஒரு வருடம் ஓடியபின் விளக்கு எரிந்தாலும் வலு போயிருக்கும், மாற்றிவிடுங்கள்.

11. போடக் கூடாதவை

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்): கடினநீரில் வேலை செய்யாமல் சேற்றில் படியும். மழைநீர் சேர்ந்து தண்ணீர் மென்மையானால் அதே அளவு மீனைக் கொல்லும். நத்தையும் செடியும் போகும்.

பிளீச்சிங் பவுடர்: மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து சாகும்.

சுண்ணாம்பு: பி.எச். ஏறும். அடர்ந்த பச்சைத் தண்ணீரில் மாலையில் பி.எச். ஏற்கெனவே 9-ஐத் தொட்டிருக்கும். அந்த நிலையில் அம்மோனியா பல மடங்கு நஞ்சாகும். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அளந்து பார்த்தால் இந்த ஏற்றம் தெரியும்.

வைக்கோல்: குளிர்நாட்டுக் குளங்களில் பார்லி வைக்கோல் போடுவதைப் பார்த்து நெல் வைக்கோலைப் போடுகிறார்கள். நம் வெயிலில் அது நாலே நாளில் அழுகி ஆக்சிஜனை உறிஞ்சும்.

12. எந்த மாதம் எதை

பெரிய வேலைகளை மாசியில் முடித்துவிடுங்கள். சேறு எடுப்பது, அல்லியைப் பிரித்து நடுவது, வலை கட்டுவது, யு.வி. விளக்கு மாற்றுவது எல்லாம் அப்போதே. மே முதல் வாரத்தில் தொடங்கும் கத்திரி வெயிலில் சேற்றைக் கலக்கினால் மீன் தாங்காது. அந்த நாட்களில் காற்றும் நிழலும் வாராந்தரத் தண்ணீர் மாற்றமும் மட்டும். தீனியைக் காலை ஏழு மணிக்குள் போட்டு முடியுங்கள்.

ஆனி, ஆடியில் திடீரென மாலை மழை கொட்டும். மறுநாள் குளத்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள், எங்கே மண் அரித்து உள்ளே வந்திருக்கிறதோ அங்கே அணை கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் மூட்டம் போட்டால் பாசி மொத்தமாகச் செத்து, பச்சைத் தண்ணீர் ஒரே இரவில் பழுப்பாகும். பார்க்கத் தெளிவது போலத்தான் இருக்கும், ஆனால் ஆக்சிஜன் சரியும். அன்றைக்கே தீனியை நிறுத்தி, ஏர் பம்பு ஓடுகிறதா என்று பார்த்து, 20 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். விடியற்காலையில் ஒருமுறை டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.